ஒரே ஒரு குண்டு

எங்கள் ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஓர் இளைஞர் இருக்கிறார். வயது இருபத்தாறு. வவுச்சரில் எட்டணா உதைத்தால் மூன்று நாள் தூங்கமாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலை என் மேஜை முன்னால் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, ''ஸார், எனக்குத் துப்பாக்கி சுடணும்'' என்றார்.

''யாரை?'' என்றேன், மேனேஜர் ரூம் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே.

''ஐயோ, மனுஷங்களை இல்ல ஸார். மசில்லோடர்!''

செல்போனை நீட்டினார். தொப்பி போட்ட அமெரிக்கர் ஒருவர் பனியில் மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு துப்பாக்கியின் வாய் வழியாக எதையோ போட்டு, குச்சியால் இடித்துக்கொண்டிருந்தார். பிறகு 'டமால்'. வெள்ளைப் புகை. புகை விலகியதும் தூரத்தில் ஒரு மான் படுத்திருந்தது. நம் நண்பர் இந்த மாதிரி ஐம்பது வீடியோ பார்த்திருக்கிறாராம். அன்றிலிருந்து அவருக்கு ஆபீஸில் ஜிம் கார்பெட் என்று பெயர்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: இப்போதைய துப்பாக்கியில் தோட்டாவைப் பின்பக்கம் செருகுகிறோம். மருந்து, குண்டு, பற்றவைக்கும் பொட்டு மூன்றும் ஒரே பித்தளைக் குப்பிக்குள் தயாராக இருக்கும். மசில்லோடர் என்பது அதற்குத் தாத்தா. எல்லாமே குழலின் வாய் வழியாகத்தான் போகவேண்டும். முதலில் அளந்து கருமருந்து, அதன்மேல் தக்கை, அதன்மேல் ஈயக் குண்டோ ரவையோ. பிறகு கெஜக்கோலால் அடிமட்டம் வரை இடித்து இறக்க வேண்டும். கடைசியாகப் பின்னால் சின்ன மூக்கு மாதிரி இருப்பதன்மேல் ஒரு கேப்பை மாட்ட வேண்டும். தீபாவளிக்குப் பையன்கள் வெடிப்பார்களே, அந்தப் பொட்டுக் கேப்புக்குப் பெரியப்பா முறை. விசையை இழுத்தால் குதிரை கேப்பின்மேல் விழும், பொறி உள்ளே போகும், மருந்து பற்றும். இத்தனையும் செய்தால் ஒரே ஒரு வெடி. அடுத்ததற்கு மறுபடி முதலிலிருந்து.

''இந்தக் காலத்துல இதைப் போய் எவன் வாங்கறான்?'' என்றேன்.

கார்பெட் புள்ளிவிவரமாகச் சொன்னார். அமெரிக்காவில் பல மாநிலங்களில் மசில்லோடருக்கென்று தனி வேட்டை சீஸன் உண்டு. சாதாரண ரைஃபிள்காரர்கள் கூட்டம் வருவதற்கு முன்னால் நிம்மதியாகக் காட்டில் உட்காரலாம். 1985-ல் மிஸௌரி மாநிலத்தில் டோனி நைட் என்கிற துப்பாக்கி மெக்கானிக், கேப்பைப் பக்கவாட்டில் வைக்காமல் குழலுக்கு நேர் பின்னால் வைத்து 'எம்.கே. 85' என்று ஒன்று செய்தார். அதிலிருந்து பிடித்தது நவீன மசில்லோடர் மோகம். கருமருந்துக்குப் பதில் மாத்திரை மாதிரி உருட்டிய மாற்று மருந்து, குண்டுக்கு பிளாஸ்டிக் சட்டை, மேலே டெலஸ்கோப். 150 கஜம் தூரத்தில் குறி தப்பாது. அந்த ஊர் ஃபெடரல் சட்டத்தில் கருமருந்து மசில்லோடர் பெரும்பாலும் துப்பாக்கிக் கணக்கிலேயே வராது, பழம்பொருள் கணக்கு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்றாலும் பல இடங்களில் தபாலிலேயே வரும்.

''நம்ம ஊர்ல இது கிடையாதா ஸார்?'' என்று பெருமூச்சு விட்டார்.

''ஏன் கிடையாது? பார்க்கணும்னா ஸ்ரீமதுரைக்கு வாங்க.''

''மதுரையிலயா?''

''ஸ்ரீமதுரை. அதுல ஜிகர்தண்டா கிடைக்கும், இதுல யானை கிடைக்கும்.''

* * *

ஊட்டியிலிருந்து கூடலூருக்கு ஐம்பது கிலோமீட்டர் இறக்கம். வளைவு தாண்டத் தாண்டக் குளிர் குறைந்துகொண்டே வரும். கூடலூரில் ஒரு பாதை மைசூருக்கும், இன்னொரு பாதை கேரளாவுக்கும் பிரியும். டீக்கடையில் ஒரே மேஜையில் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் கேட்கும். இந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் வயநாட்டைச் சேர்ந்தது. 1877-ல்தான் நீலகிரியோடு இணைத்தார்கள். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தால் ஸ்ரீமதுரை. நீலகிரி என்றதும் தேயிலையும் ஸ்வெட்டரும் ஞாபகம் வருகிறவர்களுக்கு இங்கே ஆச்சரியம் காத்திருக்கிறது. நெல் வயல்! தஞ்சாவூர் மாதிரி வயல், சுற்றிலும் பாக்கு, காப்பி, குறுமிளகு, நேந்திரன் வாழை. வயலுக்கு அந்தப்பக்கம் காடு. காட்டுக்குப் பெயர் முதுமலை. 1940-ல் சரணாலயம், 2007-ல் புலிகள் காப்பகம்.

வயலுக்கும் காட்டுக்கும் நடுவில் ஓர் அகழி இருக்கிறது. யானைகள் அதை அகழி என்று ஒப்புக்கொள்வதில்லை.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். தலைமுறை தலைமுறையாக அங்கே நெல் போடுகிற செட்டி குடும்பம். எழுபதைத் தாண்டியவர். மூன்று ஏக்கர் வயல், ஒரு மாடு, ஒரு துப்பாக்கி. துப்பாக்கி அவர் அப்பா காலத்தது. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ்.

நாங்கள் போனது டிசம்பர் கடைசி. கதிர் முற்றி, தலை சாய்ந்து, அறுப்புக்கு ஒரு வாரம் இருந்த சமயம். பெரியவர் அலமாரியைத் திறந்து ஒரு பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். கார்பெட்டுக்கு மூச்சே நின்றுவிட்டது. வெளியே வந்ததைப் பார்த்ததும் மூச்சு திரும்பி வந்துவிட்டது. டெலஸ்கோப் இல்லை. கறுத்த நீளக் குழல், தேய்ந்துபோன மரக்கட்டை, கட்டையில் ஒரு விரிசல், அதைச் சுற்றிச் செப்புக் கம்பி.

''இதானா?'' என்றார் ஏமாற்றத்துடன்.

''தம்பி, உங்க பேருக்குரிய ஆளோட முதல் துப்பாக்கியும் இப்படித்தான்'' என்றேன். நிஜமான ஜிம் கார்பெட்டுக்குச் சின்னப் பையனாக இருந்தபோது கிடைத்தது ஒரு பழைய இரட்டைக்குழல் மசில்லோடர். ஒரு குழல் வெடித்து உதவாமல் போய், பித்தளைக் கம்பி சுற்றியது. அதோடுதான் அவர் நைனிதால் காட்டுக்குள் போனார். 'ஜங்கிள் லோர்' புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

கார்பெட் உடனே உற்சாகமாகிக் கையை நீட்டினார். பெரியவர் துப்பாக்கியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

''கண்ணால பாருங்க தம்பி. லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. கைல குடுக்கமாட்டேன்.''

* * *

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். பொறுத்துக்கொள்ளவும்.

கருமருந்து என்பது வெடியுப்பு முக்கால் பங்கு, மீதியில் கரியும் கந்தகமும். வெடியுப்புக்கு உலகத்திலேயே பெரிய கிடங்காக இருந்தது நம் பீகார். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிப்போய் ஐரோப்பாவில் விற்றது. ஐரோப்பியர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதற்கு மூலப்பொருள் சப்ளை நாம்தான். பில் மட்டும் கம்பெனி பெயரில்.

ஆரம்பத்தில் கேப் கிடையாது. சிக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறக்கும், அது வெளியே ஒரு கிண்ணத்தில் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும், அப்புறம் உள்ளே போகும். மழை பெய்தால் யுத்தத்துக்கு லீவு. ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் ஃபோர்ஸைத் என்று ஒரு பாதிரியார். வாத்துச் சுடுவதில் ஆசை. கிண்ணத்தில் நெருப்புப் பளிச்சிடுவதைப் பார்த்ததும் வாத்துகள் உஷாராகிவிடுகின்றன என்று அவருக்கு வருத்தம். தட்டினாலே வெடிக்கிற ரசாயனத்தை வைத்து ஒரு வழி கண்டுபிடித்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் கேப். பிரசங்கத்தில் கவனம் செலுத்தியிருந்தால் உலகத்தில் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

இந்த மண்ணுக்கும் மசில்லோடருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1802-ல் பழசி ராஜாவின் ஆட்கள், குறிச்சியர்கள், வில்லும் அம்புமாகப் போய் வயநாட்டில் பனமரம் கோட்டையிலிருந்த கம்பெனிப் படையை அழித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மஸ்கட் துப்பாக்கிகள் அவர்கள் கைக்கு வந்தன. எல்லாம் வாய் வழியாக இடிக்கிற ஜாதி. நன்றாகப் பழகிய சிப்பாய்க்கே நிமிஷத்துக்கு மூன்று வெடி. அந்த இடைவெளியில் ஒரு குறிச்சியனால் எத்தனை அம்பு விட முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1857 கலகத்தில் பல்லால் கடிக்கச் சொன்ன தோட்டா, பசுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்று பிரச்னை வந்ததே, அந்த என்ஃபீல்டும் மசில்லோடர்தான். காகிதத்தைக் கடித்துத்தான் மருந்தைக் குழலின் வாயில் கொட்ட வேண்டும்.

வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்கு வந்து மசில்லோடரால் சுட்டார்கள். பிறகு 1860-களில் பின்பக்கம் தோட்டா போடுகிற துப்பாக்கி வந்ததும் இன்னும் வேகமாகச் சுட்டார்கள். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் சுடுவதற்கு மிருகம் குறைந்துவிட்டது. 1877-ல் அவர்களே நீலகிரி வேட்டைச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1879-ல் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த மாதத்தில் எதைச் சுடக்கூடாது என்று முதல் தடவையாக இங்கே எழுதி வைத்தது, சுட்டவர்கள்தான். அந்தச் சங்கம் இன்றைக்கும் இருக்கிறது, வேட்டைக்கு அல்ல, வனவிலங்குப் பாதுகாப்புக்கு. திருந்துவதற்கு நூறு வருஷம் ஆனாலும் திருந்தியது திருந்தியதுதான்.

* * *

''சரி ஸார், நான் ஒரு லைசென்ஸ் எடுத்தா?'' என்றார் கார்பெட். ஆசை அவ்வளவு சீக்கிரம் போகுமா?

ஒவ்வொன்றாகச் சொன்னேன். 1959 ஆயுதச் சட்டம் 13-ஆம் பிரிவு, நிஜமான பயிர்ப் பாதுகாப்புக்காக மசில்லோடருக்கு லைசென்ஸ் தரலாம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. பார்லிமென்டில் பெயர் வாங்கிய துப்பாக்கி.

''எனக்குப் பயிர் இல்லையே?''

''பால்கனியில ரோஜாத் தொட்டி வெச்சிருக்கீங்களே, அதைக் காட்டிப் பாருங்க.''

பயிர் இருந்தாலும் ஸ்ரீமதுரையில் லேசில் நடக்காது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்காரரும் வனத்துறையில் பதிய வேண்டும். அந்தப் பத்து கிலோமீட்டருக்குள் புது லைசென்ஸ் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் சம்மதம் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷம் உள்ளே. நாட்டுத் துப்பாக்கிதானே என்று தள்ளுபடி கிடையாது.

''கொடகுக்காரங்களுக்கு லைசென்ஸே வேண்டாமாமே?'' வீடியோ பார்த்தவரை ஏமாற்ற முடியாது. உண்மைதான். இங்கிருந்து அதிக தூரமில்லாத கொடகில், கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தார்கள். செப்டம்பரில் கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை செய்து, தேங்காயைக் கட்டிச் சுடுவார்கள். ''ஆனா அதுக்கு நீங்க கொடகுல பொறந்திருக்கணும். இல்லாட்டி ஜம்மா நிலமாவது இருக்கணும்.'' கார்பெட்டுக்குச் சொந்த ஊர் தாராபுரம்.

இன்னொரு முக்கியமான விஷயம். லைசென்ஸ் வேறு, வேட்டை வேறு. துப்பாக்கி லைசென்ஸ் கையில் இருந்தாலும் காட்டு மிருகத்தைச் சுட அது அனுமதிச் சீட்டு ஆகாது. 1972 சட்டப்படி வேட்டை தடை. உயிர் போகிற நிலைமையில் நல்லெண்ணத்துடன் தற்காப்புக்குச் சுட்டால் மட்டும் குற்றமில்லை. பயிரைத் தின்கிற பன்றிகூட அதிகாரி எழுதிக் கொடுத்தால்தான். கேரளாவில் 2022-ல் அந்த அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களிடம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் ஒரு கணக்கு அறிவித்தார்கள். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்றுக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால்தான் சுடுவது, அதுவும் வனத்துறையே.

''எங்க வயலுக்கும் காட்டுக்கும் நடுவுல ஒரு வரப்பு'' என்றார் பெரியவர். ''கிலோமீட்டர்ல கணக்குப் போட்டா சைபர்.''

''அப்ப இந்தத் துப்பாக்கி எதுக்குங்க?''

''சத்தத்துக்கு.''

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். ''எலெக்ஷன் வந்தா அதுவும் இல்ல. ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் குடுக்கணும். 2019-ல ஊராட்சித் தேர்தல் வந்துது பாருங்க, டிசம்பர் மாசம், இதே மாதிரி கதிர் முத்தின நேரம். நான் துப்பாக்கியைக் குடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வந்தேன். பன்னிகிட்ட ரசீதைக் காட்டினா ஓடுமா?''

* * *

ராத்திரி காவலுக்கு எங்களையும் அழைத்துப்போனார். வயல் ஓரத்தில் நாலு பாக்குமரத் தூண்மேல் ஒரு மாடம். கீழே ஒரு கட்டை புகைந்துகொண்டிருந்தது. மேலே மூன்று பேர், ஒரு தகர டின், ஒரு டார்ச், ஒரு துப்பாக்கி. கார்பெட் ஆபீஸ் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக இருந்தார்.

பெரியவர் மருந்து கெட்டிக்கிற முறையை டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். வேகமாக ஒன்றும் நடக்கவில்லை. சமையல்கட்டில் மாமி ரசப்பொடி அளக்கிற பொறுமை. மருந்து டப்பாவிலிருந்து குழலுக்குள் நேரே கொட்டமாட்டார். முதலில் ஒரு மூங்கில் குப்பியில் அளந்து, பிறகுதான் குழலுக்குள். உள்ளே பழைய வெடியின் கங்கு இருந்தால் டப்பாவே கையோடு போய்விடுமாம். கெஜக்கோலை இறக்கிப் பார்த்தார். கோலில் ஒரு கத்திக் கீறல். அந்தக் கீறல் குழல் வாயோடு சரியாக நின்றால் ஒரு வெடிக்குரிய மருந்து அடிமட்டத்தில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். கீறல் மேலே தெரிந்தால் தக்கை பாதியில் நிற்கிறது, இல்லாவிட்டால் மறதியில் இரண்டு தடவை கெட்டித்தாயிற்று. பாதியில் குண்டு நின்றால், நடுவில் காற்று இடைவெளி இருந்தால், குழலே வெடிக்கும்.

கார்பெட் அசந்துபோனார். ''ஸார், வீடியோவுல அமெரிக்காக்காரன் இதேதான் சொன்னான். அவனும் கோல்ல மார்க் போட்டிருந்தான்!''

இன்னும் இரண்டு பாடம் அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் பொது. தோட்டாவில் வருகிற புகையில்லா மருந்தை மசில்லோடரில் போடவே கூடாது. அழுத்தம் பல மடங்கு, குழல் தாங்காது. சுட்டு முடிந்த அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவித் துடைத்து எண்ணெய் போட வேண்டும். கருமருந்துக் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். பெரியவர் சோப்பு போடுகிறார். அமெரிக்கரும் சோப்பு போடுகிறார்.

மருந்தும் காகிதத் தக்கையும் போட்டு இடித்த பெரியவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். குண்டு, ரவை எதுவும் போடவில்லை. கேப்பையும் மாட்டவில்லை. சட்டைப் பையில் ஒரு பழைய தைல டப்பாவில் அது பத்திரமாக இருந்தது.

''கேப்பு மாட்டலீங்களே?''

''வேணுங்கறப்ப மாட்டுவேன்.''

மணி ஒன்றரை இருக்கும். பனி இறங்கி வயல் வெள்ளையாகத் தெரிந்தது. வலது பக்க வரப்பில் 'சரக்' என்று ஒரு சத்தம். கதிர் ஆடியது. குனிந்த மாதிரி கறுப்பாக ஏதோ நகர்ந்தது. கார்பெட் என் தொடையைக் கிள்ளினார். ''பன்னி ஸார்! பெருசு! ஐயா, சுடுங்க, சுடுங்க!''

பெரியவர் துப்பாக்கியைத் தொடவில்லை. டார்ச்சைக்கூட எடுக்கவில்லை. வாயில் கை வைத்து, ''ஆரு?'' என்று கத்தினார்.

பதில் இல்லை. கறுப்பு நின்றது.

''ஆரு?'' மறுபடியும்.

கார்பெட், ''பன்னிகிட்ட பேர் கேக்கறாரு ஸார்'' என்று என் காதில் சொன்னார்.

''ஆருன்னு கேக்கறேன்ல?'' மூன்றாவது தடவை.

''நான்தான் பெரிய்யா'' என்றது கறுப்பு. ''தீப்பெட்டி இருக்கா?''

பக்கத்து வயல் காவல்காரர். குளிருக்குக் கம்பளியைத் தலையோடு போர்த்தி, வரப்பு வழுக்காமலிருக்கக் குனிந்து வந்திருக்கிறார். பீடி பற்றவைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் யானை வந்ததா என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு கார்பெட் வெகு நேரம் வாயைத் திறக்கவில்லை. குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் நெருப்பைக் கிளறிவிட்டுப் பேச ஆரம்பித்தார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, வயலைப் பார்த்துச் சொன்னார்.

''முப்பது வருஷம் இருக்கும். அன்னைக்கும் இந்த மாடம்தான். பருவம் தப்பின மழை. மூணு நாளாப் பன்னி வந்து பாதி வயலைத் தின்னுட்டுப் போயிருந்தது. எனக்கு ஆத்திரம். வீட்டுல சண்டை போட்டுட்டு, சாப்பிடாம வந்து உக்காந்தேன். குண்டு போட்டு, கேப்பும் மாட்டி, குதிரையை இழுத்து வெச்சிட்டு உக்காந்திருந்தேன். ராத்திரி வரப்பு மேல கறுப்பா ஒண்ணு குனிஞ்சு குனிஞ்சு வந்தது. கேக்கல தம்பி, ஆருன்னு கேக்கல. கேட்டா ஓடிரும்னு நினைச்சேன். இழுத்துட்டேன்.''

நெருப்பில் கட்டை வெடித்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கிப்போட்டது.

''டிக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். மழைல கேப்பு நமுத்திருக்கு. அப்பத்தான் இருமல் கேட்டுது. என் ரெண்டாவது பையன். பதினாலு வயசு. அப்பா சாப்பிடாமப் போயிட்டாருன்னு தூக்குல சோறு எடுத்துட்டு, சாக்கை மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு வந்திருக்கான்.''

''அப்புறம்?'' என்றேன்.

''கேப்பு நமுத்திருந்தா சில சமயம் தாமதிச்சு வெடிக்கும். அதனால குழலை வானத்தைப் பாத்துத் தூக்கிப் பிடிச்சேன். எவ்வளவு நேரம் பிடிச்சேன்னு தெரியாது. அவன் கீழேருந்து, 'ஏம்பா மழையைச் சுடப் போறியா'ன்னு சிரிச்சான். சோறு மீன் குழம்பு. பூராத்தையும் சாப்பிட்டேன்.''

''பையன் இப்ப?''

''திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். ரெண்டு பேரப் பிள்ளைங்க.'' கொஞ்சம் நிறுத்தி, ''அவனுக்கு இது தெரியாது'' என்றார்.

அதற்கப்புறம் அவர் குழலுக்குள் குண்டு போட்டதில்லையாம். சட்டம் சொல்லித்தான் நிறுத்தினீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

விடியற்காலை மூன்றரைக்கு நிஜமான பன்றிகள் வந்தன. ஐந்தோ ஆறோ. யாருக்கும் பதில் சொல்லாமல் நேரே கதிரில் இறங்கின. பெரியவர் கேப்பை மாட்டி, வானத்தைப் பார்த்து ஒரு வெடி. மலை முழுக்க எதிரொலித்தது. வெள்ளைப் புகையில் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை, கந்தக நாற்றம் தொண்டையை அடைத்தது. கார்பெட் டின்னை எடுத்துத் தட்டு தட்டென்று தட்டினார். ஓடிப்போன பன்றிகள் கால் மணியில் திரும்பி வந்தன. மறுபடி அளந்து, இடித்து, கீறல் பார்த்து, கேப் மாட்டி, வெடி. பொழுது விடிந்து போய்ப் பார்த்தால் மேற்கு மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மிதித்து, தின்று, புரண்டிருந்தன.

''அரை மூட்டை போச்சு'' என்றார் பெரியவர். ஒரு கதிரை நிமிர்த்திப் பார்த்தார். அது மறுபடி சாய்ந்தது. ''பரவால்ல. நெல்லுதானே.''

பஸ் ஏறும்போது பெரியவரிடம் ஒன்று கேட்டேன். உங்களுக்குப் பிறகு இந்தத் துப்பாக்கி? திருப்பூர்ப் பையனுக்கு வேண்டாமாம். சரண்டர் செய்துவிடலாம் என்று இருக்கிறாராம். ''வயலே இருக்குமோ என்னமோ. நெல்லை விட்டுட்டு எல்லாரும் வாழைக்கும் இஞ்சிக்கும் போயாச்சு. காவலுக்கு ஆள் இருந்தாத்தானே துப்பாக்கி.''

* * *

நிஜமாகவே சுடும் ஆசை இருக்கிற இளைஞர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. வழி இருக்கிறது. கோவையிலும் சென்னையிலும் ரைஃபிள் கிளப்கள் இருக்கின்றன. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஆரம்பிக்கலாம். ஒலிம்பிக்கில் 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அதே பந்தயம்தான். 20 ஜூலுக்கும் 0.177 அங்குலத்துக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். நடு மையப் புள்ளி அரை மில்லிமீட்டர். அதைச் சுட்டுவிட்டால் எந்த மானைச் சுட்டவரையும்விட நீங்கள் பெரிய ஆள். அதுவும் ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான்.

நம் கார்பெட் போய்ச் சேர்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறார். முதல் நாள் அனுபவம் எப்படி என்று கேட்டேன்.

''குண்டே குடுக்கல ஸார். நிக்கறது எப்படி, பிடிக்கறது எப்படி, குழல் எந்தப் பக்கம் பாக்கணும்னுதான் ரெண்டு மணி நேரம் சொல்லிக்குடுத்தாங்க.''

''கோபம் வரலையா?''

''இல்ல ஸார். சரியான இடம்தான்னு தோணிச்சு.''

ஆபீஸிலும் ஆள் மாறிவிட்டார். முன்பெல்லாம் கணக்கு இடித்தால் உடனே மெமோவைத் தட்டிவிடுவார். போன வாரம் டெஸ்பாட்ச் கிளார்க்கின் பிரயாணப்படி பில்லில் முந்நூறு ரூபாய் உதைத்தது. மெமோ டைப் அடித்து, கையெழுத்துப் போடப் பேனாவையும் திறந்துவிட்டார். பிறகு மூடி வைத்துவிட்டு எழுந்துபோய், அந்த மனுஷனை மூன்று தடவை விசாரித்தார்.

மூன்றாவது தடவைதான் தெரிந்தது. கூட்டல் தப்பு கார்பெட்டினுடையது.